துரைவிளையில் 1865 ஓடு: தோண்டிப் பார்க்கலாமா?

பிப்ரவரி 9

குமரி மாவட்டத்தில் தடிக்காரன்கோணத்துக்கு மேலே எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் ரப்பர் இருக்கிறது. பாட்டா, அதாவது தாத்தா, வாங்கிப் போட்டது. ஊரில் அதற்குத் துரைவிளை என்றுதான் பெயர், விளை என்றால் தோட்டம். வெள்ளைக்காரத் துரையின் பங்களா அங்கே இருந்தது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தேன். பால் வற்றிய மரங்களை மறுநடவுக்காகப் போன வாரம் முறித்தோம். ஜேசிபி வேர்க்கட்டைகளைப் பிடுங்கும்போது நீளமாக ஒரு கருங்கல் அஸ்திவாரம் வெளியே வந்தது. பக்கத்தில் குவியலாக உடைந்த ஓடுகள். ஒன்றில் மட்டும் எழுத்து முழுசாக இருக்கிறது: பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை, மங்களூர், 1865. (பாசல் மிஷன் என்பது சுவிட்சர்லாந்திலிருந்து வந்த கிறித்தவ மிஷன்.)

என் கணக்கு இது. எங்கள் பக்கத்து அசம்பு மலையில் வெள்ளைக்காரர்கள் காப்பித் தோட்டம் போட்டது 1860-களில். திருவிதாங்கூர் அரசின் பண்டாரப்பாட்ட விளம்பரம் வந்ததும் 1865-இல்தான். சர்க்கார் நிலத்தைப் பாட்டத்துக்கு வைத்திருந்தவர்களுக்கு அதை விற்கவும் வாங்கவும் உரிமை கொடுத்த விளம்பரம் அது. ஓட்டிலும் அதே 1865. அப்படியானால் எங்கள் விளையில் இருந்தது இந்த மலையடிவாரத்தின் முதல் துரை பங்களாக்களில் ஒன்று. இல்லை என்று சொல்ல ஆள் உண்டா?

இரண்டாவது கேள்வி. இடவப்பாதி மழைக்கு முன்னால் அங்கே மரச்சீனி (மரவள்ளி) நட வேண்டும். அதற்குள் மெட்டல் டிடெக்டர் வைத்து ஒரு சுற்றுப் பார்த்துவிடலாமா? நாணயம், பித்தளைச் சாமான், துப்பாக்கி, எதுவானாலும் சரி.

பிப்ரவரி 11

ஆள் உண்டு. இந்த இணைய இழையைப் படித்தவர் ஒருவர் இரண்டே நாளில் பதில் எழுதிவிட்டார்.

அவர் வீட்டு மாட்டுத் தொழுவத்திலும் இதே 1865 ஓடுதானாம். தொழுவம் கட்டியது கொல்லம் ஆண்டு 1085-இல், அதாவது 1909 வாக்கில். ஓட்டில் இருப்பது தொழிற்சாலை தொடங்கிய வருஷம், ஓடு சுட்ட வருஷம் இல்லை. ஹோட்டல் பலகையில் ஆரம்பம் 1952 என்று போட்டிருந்தால் உள்ளே இருக்கிற சாம்பார் 1952-இல் வைத்ததா என்று கேட்கிறார். பதில் சொல்ல முடியவில்லை.

மங்களூரிலேயே ஆல்புகர்க் கம்பெனி ஓட்டில் 1868 என்று இருக்கும். அதுவும் இதே கதைதான். முதல் உலகப் போர் சமயத்தில் ஆங்கில அரசு பாசல் மிஷன் ஆலைகளைக் கையில் எடுத்து, பிறகு அவை காமன்வெல்த் டிரஸ்ட் என்ற பெயருக்கு மாறின. ஆகவே மிஷன் பெயர் உள்ள ஓடு பெரும்பாலும் அந்தப் போருக்கு முந்தையது. அவ்வளவுதான் சொல்லலாம். ஐம்பது வருஷ இடைவெளி. அதுவும் ஓட்டுக்கு மட்டும்தான். ஓட்டை ஒரு கூரையிலிருந்து இறக்கி இன்னொரு கூரையில் ஏற்றுவது நம்மூரில் இன்றும் நடக்கிறது.

பண்டாரப்பாட்ட விளம்பரம் 1865 என்பது மட்டும் சரி. அதற்கும் என் ஓட்டுக்கும் சம்பந்தம் நான் உண்டாக்கியது.

பிப்ரவரி 18

மச்சான் துபாயிலிருந்து வந்தபோது ஒரு டிடெக்டர் கொண்டுவந்திருந்தான். அங்கே பாலைவனத்தில் லீவு நாளில் பொழுதுபோக்காக வைத்திருந்தானாம். காலை ஆறு மணிக்குப் போய் பதினொன்று வரை விளையைச் சலித்தோம். கிடைத்தவை: சிரட்டை கட்டும் கம்பி நாற்பத்தேழு. பால் வடியக் குத்தும் தகரத் துண்டு எண்ணவில்லை, ஒரு பை நிறைய. பால்வெட்டுக் கத்தி நுனி ஒன்று. குடை எலும்பு.

ரப்பர் விளையில் டிடெக்டர் வைக்க நினைப்பவர்கள் இதை முதலில் யோசியுங்கள். மூன்று தலைமுறையாக மரத்துக்கு மரம் கம்பி கட்டிய பூமி அது. அது போதாதென்று மண் வேறு சரல் மண். சரலில் இரும்புச் சத்து அதிகம். டிடெக்டரின் வளையம் மண்ணுக்குள் காந்த அலையை அனுப்பும். உலோகம் இருந்தால் அதில் மின்னோட்டம் சுழன்று பதில் அலை வரும். சரல் தானே கொஞ்சம் பதில் சொல்லிவிடுகிறது. மண்ணுக்கு ஏற்ப மெஷினைச் சமன் செய்ய வேண்டும் என்று குறிப்பில் இருக்கிறது. மச்சான் அதைத் துபாய் மணலுக்குச் சமன் செய்து அப்படியே விட்டிருந்தான்.

பிப்ரவரி 20

சரல் சரிப்படவில்லை என்று நேற்று மணவாளக்குறிச்சி கடற்கரைக்கு எடுத்துப் போனோம். சிரிக்காதீர்கள். கருமணலில் கால் வைத்த நொடியிலிருந்து மெஷின் நிற்காமல் கத்தியது. இல்மனைட் என்ற இரும்பு கலந்த கனிமம் நிறைந்த மணல், வேறென்ன செய்யும்? காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்தால் கரிய தாடி முளைக்கிற கரை அது. அந்த மணலில் மோனசைட் என்ற தோரியக் கனிமம் இருப்பதை 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன்காரர் கண்டுபிடித்தார். இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் சந்தேகம் வந்ததாம். அவர் கயிற்றை உதறியே கண்டுபிடித்தார். நாங்கள் மெஷினோடு போய் ஒரு சோடா மூடி எடுத்து வந்தோம்.

பிப்ரவரி 27

கிடைத்தது! அஸ்திவாரத்தின் வடக்கு மூலையில், ஒரு சாண் ஆழத்தில், வெள்ளி நாணயம். ஒரு பக்கம் தலை, மறுபக்கம் சங்கு. வருஷம் 1116.

மச்சான் ஐந்து நிமிஷம் ஆடிவிட்டான். 1116 என்றால் முதலாம் குலோத்துங்க சோழன் காலம், கோடி ரூபாய் பெறும் என்றான். சோழர் நாணயத்தில் இங்கிலீஷ் எழுத்து எப்படி வந்தது என்று கேட்டேன். ஆட்டம் நின்றது.

கொல்லம் ஆண்டுதான். 825 கூட்டினால் 1941. திருவிதாங்கூரின் சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்து அரை ரூபாய். நம் மாவட்டத்தில் பழைய தேதி எதைப் பார்த்தாலும் முதலில் இது கொல்லமா ஆங்கிலமா என்று கேட்க வேண்டும். பாட்டிக்குக் காட்டினேன். பார்த்ததும் கணக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்: பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய். வெள்ளைக்காரன் ரூபாய்க்கு மட்டும் இருபத்தெட்டு சக்கரமும் எட்டுக் காசும். அந்த எட்டுக் காசுக்காகக் கடைக்காரனோடு சண்டை போட்ட கதை அரை மணி நேரம் போனது. நாணயத்தைவிட அந்தச் சண்டைதான் எனக்குப் பிடித்தது.

மார்ச் 3

ஒரு தப்பு செய்துவிட்டேன். சொல்லாமல் விட்டால் இன்னொருவரும் செய்வார்.

நாணயத்தைப் புளி போட்டு விளக்கினேன். அப்புறம் விபூதி. குத்துவிளக்கு மாதிரி பளபள என்று வந்தது. படத்தைப் பார்த்து, நாணயம் சேர்க்கும் பெரியவர் ஒருவர் ஒரே வரி அனுப்பினார்: கொன்னுட்டீங்களே. மேலே படியும் அந்தக் கருமைதான் பழைய நாணயத்தின் தோல். அதை உரித்தால் விலையும் போயிற்று, தேய்மானம் எவ்வளவு என்று பார்க்கிற வழியும் போயிற்று. மண்ணை நீரில் கழுவி நிழலில் உலர விடுவதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

இன்னொரு தப்பு அதைவிடப் பெரியது என்று இப்போது படுகிறது. முதல் இரண்டு வாரம் எடுத்த எதற்கும் எங்கே, எவ்வளவு ஆழம் என்று குறிக்கவில்லை. எல்லாம் ஒரே சிமென்ட் சாக்கில். கண்ணாடித் துண்டு, பீங்கான், ஆணி, கம்பி. இப்போது அந்தச் சாக்கு வெறும் குப்பை. அஸ்திவாரத்துக்கு அடியில் கிடந்த துண்டு அஸ்திவாரத்துக்கு முந்தையது, மேலே கிடந்தது பிந்தையது. அந்த ஒரு விஷயத்துக்காகத்தான் தோண்டவே வேண்டும், அதைத்தான் நான் தொலைத்தேன்.

மார்ச் 5

சட்டம் பற்றிக் கேட்டவருக்கு. நானும் இப்போதுதான் படித்தேன், முன்னாலேயே படித்திருக்க வேண்டும். 1878-இன் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு என்றால், என்ன பொருள், எங்கே, எப்போது என்று ஆட்சியருக்கு எழுதித் தர வேண்டும். மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை. உரிமை கோர யாரும் இல்லை, நிலம் வேறொருவருடையது என்றால் கண்டெடுத்தவருக்கு நாலில் மூன்று பங்கு, நிலக்காரருக்கு ஒன்று. சொந்த விளையில் எடுத்தால் யார் கேட்பார் என்பது தப்பு. நூறு வருஷம் தாண்டிய பொருளுக்கு 1972-இன் தொல்பொருள் சட்டம் தனியாக உண்டு. அனுமதி இல்லாமல் விற்கிற தொழிலும் நடத்த முடியாது, வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது.

வட்டக்கோட்டை மாதிரி மத்திய தொல்லியல் துறை காக்கும் இடங்களின் பக்கமே மெஷினோடு போகாதீர்கள். சுற்றி நூறு மீட்டருக்குக் கட்டிட வேலைக்கே தடை, அதற்கு மேல் இருநூறு மீட்டர் கட்டுப்பாடு.

நான் அரை ரூபாய்க்கு ஒரு மனு எழுதி ஓர் அலுவலகத்தில் கொடுத்தேன். வாங்கியவர் இரண்டு தடவை படித்தார். அரை ரூபாய் கண்டெடுத்ததாகவா மனு என்றார். ஆமாம் என்றேன். சில்லறை மாற்றவா என்றார். முத்திரை குத்தித் தந்தார், அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மார்ச் 14

குளச்சல்காரர் ஒருவர் தன் மாமா வீட்டு நாணயத்தின் படத்தை அனுப்பியிருந்தார். செம்பு, விரல் நக அளவு. வி, ஓ, சி என்ற மூன்று எழுத்தும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கிறது. கப்பலோட்டிய தமிழரின் சுதேசிக் கப்பல் கம்பெனி டோக்கன் இது, அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்டார்.

அண்ணே, எழுத்துக்குக் கீழே வருஷம் போட்டிருக்கிறதே, 1735 என்று. வ.உ.சி. பிறந்தது 1872. சுதேசிக் கப்பல் கம்பெனி 1906. இது டச்சுக்காரர்களின் ஐக்கிய கிழக்கிந்திய கம்பெனி, 1602-இல் தொடங்கியது, அதன் முதலெழுத்துகள். காசின் பெயர் டாய்ட். மறுபக்கம் ஹாலந்து, சீலாந்து என்று அந்தந்த மாகாணத்தின் சின்னம் இருக்கும். அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கும் யோசனையை மட்டும் மாற்ற வேண்டாம்.

குளச்சலில் டச்சுக் காசு கிடைப்பதில் அதிசயம் இல்லை. 1741-இல் மார்த்தாண்டவர்மாவின் படை அங்கேதான் அவர்களை மடக்கியது. பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய் பிறகு திருவிதாங்கூருக்கே தளபதியாகி, 1777-இல் செத்து, உதயகிரிக் கோட்டைக்குள் கிடக்கிறார். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து இருக்கிறது. வழிப்போக்கனே நில் என்று தொடங்கி, ஏறக்குறைய முப்பத்தேழு வருஷம் அரசருக்கு விசுவாசமாக இருந்தவர் என்று லத்தீன் சொல்கிறது. பத்தாம் வகுப்புச் சுற்றுலாவில் நாங்கள் நிற்கவில்லை. அங்கே மான் பார்க்கப் போய்விட்டோம்.

ஏப்ரல் 2

இழை வேறு எங்கோ போகிறது, திருப்புகிறேன். நேற்று வீட்டுக்கு இரண்டு பேர் காரில் வந்தார்கள். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். துரைவிளையில் செம்பு கிடைத்ததா, இடி விழுந்த கலசம் கிடைத்ததா, அரிசியை இழுக்குமா என்று கேட்டார்கள். ரைஸ் புல்லிங் கோஷ்டி, அதாவது அரிசியை இழுக்கும் மாயக் கலசம் என்று சொல்லி ஏமாற்றுகிறவர்கள். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, முன்பணம் கட்டினால் டெஸ்டிங்குக்கு விஞ்ஞானி வருவார் என்றார்கள். என்னிடம் இல்லாத கலசத்தைப் பரிசோதிக்க நான் பணம் கட்ட வேண்டும். பையில் ஒரு செம்புக் காசும் வைத்திருந்தார்கள்: ராமர், சீதை, 1818, கிழக்கிந்திய கம்பெனி. இது கோடிக்குப் போகும் என்றார்கள்.

கம்பெனி ராமர் போட்டுக் காசு அடித்ததே இல்லை. பக்தர்களுக்காக யாரோ வார்த்த டோக்கன்கள் அவை. திருவிழாக் கடையில் நூறு ரூபாய்க்கு விற்றிருப்பார்கள். கட்டன் சாயா கொடுத்து அனுப்பினேன். பாட்டிக்குத்தான் வருத்தம். மை போட்டுப் பார்க்கிறவராக இருந்தால் காணாமல் போன கம்மலையும் கேட்டிருப்பாள்.

விஷயம் இவ்வளவு தூரம் பரவியதற்குக் காரணம் நான்தான். இனி இடம் சொல்ல மாட்டேன். முதல் குறிப்பில் சொல்லிவிட்டேன் என்பது தெரியும்.

ஏப்ரல் 16

பிப்ரவரியில் செய்திருக்க வேண்டியதை இன்று செய்தேன். பாட்டாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து மூலப் பத்திரத்தை எடுத்தேன். மலையாளம். 1956 வரை நாம் திருவிதாங்கூரோடு இருந்தவர்கள், பழைய பத்திரங்கள் பாதிக்கு மேல் அப்படித்தான் இருக்கும். பெரியப்பா அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவர், எண்பத்தாறு வயது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிறுத்தி நிறுத்திப் படித்தார். கொல்லம் 1073. ஆங்கிலக் கணக்கில் 1898 வாக்கில்.

எல்லைகள் வருகின்றன. கிழக்கே ஓடை, தெற்கே வண்டிப்பாதை, மேற்கே பொற்றை, அதாவது சிறு குன்று. உள்ளே இருப்பது: காப்பிக் களமும், இடிந்த ஸ்டோர் கட்டிடமும்.

பங்களா என்ற சொல்லே இல்லை.

இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். பெரியப்பாவுக்குக் கோபம். “தொரை இங்க எதுக்குலே கெடக்கான்? காய்ச்சல் வரும்னு மேலேல்லா கெடந்தான். கீழ சரக்குதாம் கெடந்து.”

இப்போது அஸ்திவாரத்தை நினைத்துப் பாருங்கள். நீளம் அதிகம், அகலம் குறைவு, உள்ளே குறுக்குச் சுவர் இல்லை. இதைப் பங்களா என்று எப்படி நினைத்தேன்? நினைக்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். மேலேயிருந்து காப்பி இறங்கும், களத்தில் காயும், ஸ்டோரில் அடையும், தெற்கே வண்டிப்பாதையில் போகும். 1898-இலேயே இடிந்த கட்டிடம் என்றால் அதற்குக் காரணம் தேட ரொம்பத் தூரம் போக வேண்டாம். இலையில் ஆரஞ்சுப் பொடி படியும் காப்பித் துரு நோய் 1869-இல் இலங்கையில் தலைகாட்டி, அடுத்த சில வருஷங்களில் நம் மலைகளுக்கும் வந்தது. காப்பி போய்த் தேயிலையும் பிறகு ரப்பரும் வந்தன. ஓடைப் பக்கம் இன்னும் நாலைந்து காப்பிச் செடி தானாக முளைத்துக் கிடக்கிறது. அதை நான் ஒரு தடவைகூட இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 17

ஒரு திருத்தம். இடிந்த ஸ்டோர் என்று பத்திரத்தில் இருப்பதால் துரு நோயால்தான் இடிந்தது என்று நேற்று எழுதிவிட்டேன். அது மறுபடியும் 1865 ஓட்டு வேலைதான். தீப்பிடித்திருக்கலாம், யானை இடித்திருக்கலாம். அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிடுகிறேன், ஆனால் அழிக்கவில்லை.

ஏப்ரல் 30

சாக்கிலிருந்த கண்ணாடியில் ஒரு சோடா பாட்டில் துண்டு உண்டு, அதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கழுத்தில் கோலி நிற்க நெளிவு இருக்கிறது. கோலி சோடாவை காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கி முடித்தது 1872. அதற்கு முன்னால் இருக்க முடியாது. ஆனால் நம்மூரில் நேற்றுவரை ஓடிய சாமான், ஆகவே அதற்குப் பின்னால் எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். இன்னொரு பாட்டிலில் அச்சுக்கோடு வாய் விளிம்பு வரை ஏறிப் போகிறது. அது மெஷினில் செய்தது, 1903-க்கு அப்புறம். கைவேலை என்றால் கோடு கழுத்தோடு நிற்கும், வாயைத் தனியாக உருட்டி வைப்பார்கள்.

சாக்கிலிருந்த ஒன்றை மட்டும் இதுவரை சொல்லவில்லை. என்னவென்று தெரியாமல் ஒதுக்கியிருந்தேன். பித்தளை வில்லை, பழைய ஒரு ரூபாய் அளவு. மேலே ஓட்டை, நடுவில் 214 என்று குத்தியிருக்கிறது. நாய்ப் பட்டை என்று மச்சான் சொன்னான். துரையின் நாய் என்று நானும் சந்தோஷப்பட்டேன். இருநூற்றுப் பதினாலு நாய் வளர்த்த துரை!

இன்று பக்கத்து விளையில் பால் வெட்டுகிற அக்கா கம்பி கேட்டு வந்தார். எங்கள் சாக்கில்தான் கம்பிக்குக் குறைவில்லையே. வில்லையைப் பார்த்ததும், “இது பேர் வில்லைல்லா” என்றார். அவர் பாட்டி மேலே தோட்டத்தில் வேலை செய்தவராம். காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு, நிற்கும்போது இடுப்புக் கயிற்றிலிருந்து இதைக் காட்ட வேண்டும். கங்காணி எண்ணைக் கூப்பிடுவான், பெயரைக் கூப்பிட மாட்டான். நேரம் தப்பினால் அரைப்பேர்தான், பாதிக் கூலி.

எங்கே கிடைத்தது என்று கேட்டார். சொல்ல முடியவில்லை. மார்ச் 3 குறிப்பைப் பாருங்கள்.

மே 12

அக்காவின் அம்மாவிடம் வில்லையைக் கொண்டுபோய்க் காட்டினோம். எண்பது தாண்டியவர், காது கொஞ்சம் மந்தம். கையில் வாங்கி, விரலால் எண்ணைத் தடவிப் பார்த்தார். “இது எங்கம்மைக்க இல்ல. அவளுக்கு எழுவத்தாறு” என்று திருப்பித் தந்துவிட்டார். 214 யார் என்று கேட்டேன். அது கங்காணிக்குத்தான் தெரியும் என்றார். துரையின் பெயர் அவருக்கு நினைவில் இல்லை. கங்காணியின் பெயர், அவன் மனைவி பெயர், அவன் வாங்கிய கைக்கூலி எல்லாம் நினைவில் இருக்கிறது. ஃபோனில் பதிவு செய்துகொண்டேன், ஒரு மணி நேரத்துக்கு மேல் வந்தது. நடுவில் ஒரு கோழி பதினைந்து நிமிஷம் பேசுகிறது.

ஜூன் 6

மழை பிடித்துவிட்டது. அஸ்திவாரத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தில் மரச்சீனி நட்டாயிற்று. நாலு மூலைக்கும் நாடா பிடித்து அளந்து பெரியப்பா பத்திரத்தின் பின்பக்கம் படம் வரையச் சொன்னார். பத்திரத்தின் மேல் எழுதக் கூடாது என்று வேறு தாளில் வரைந்தேன். நீளம் ஐம்பத்திரண்டு அடி, அகலம் பதினெட்டு.

மச்சான் டிடெக்டரைக் கேட்கிறான், பாலராமபுரத்தில் ஒரு நண்பனின் விளையில் பங்களா இருந்ததாம். ஓட்டில் 1868 என்று போட்டிருக்கிறதாம்.